உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ற எஞ்சின் ஒயிலைத் தெரிந்தெடுத்தல்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே கமத்தொழில் இன்று பெரும்பாலும் இயந்திரங்களை நம்பியே நடைபெறுகின்றது. இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகிய குளங்களின் கீழுள்ள வயல்களை உழுவதும் மட்டப்படுத்துவதும் உழவு இயந்திரங்களே. விசுவமடு, தருமபுரம் முதலிய இடங்களில் மிளகாய், கத்தரி, பூசணி, வெங்காயம் என்பன நீரிறைக்கும் இயந்திரத்தின் உதவியாலேயே செழிக்கின்றன. தெளிகருவியும் புல்வெட்டும் கருவியும் எஞ்சினாலேயே இயங்குகின்றன.

இவ்வெஞ்சின்களில் ஒன்று வேலை நாளில் நின்றுவிட்டால் நேரும் நட்டம் திருத்தச் செலவு மட்டுமன்று. காலபோகத்தின் முதல் மழைக்குப் பின்னர் நிலம் உழவுக்குப் பதமாயிருக்கும் நாட்கள் சிலவே. பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானித்த விதைப்புத் திகதி ஒருவருடைய எஞ்சினுக்காகக் காத்திராது. சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைப்படி வந்து முறைப்படி நின்றுவிடும். பூக்கும் தறுவாயிலுள்ள மிளகாய்ச் செடி சித்திரை வெயிலிலே சில நாட்கள் நீரின்றி நின்றால் பூவும் பிஞ்சும் உதிரும். இயந்திரத்தைத் தவணைக் கடனில் வாங்கியவரோ எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணையைக் கட்டியே ஆகவேண்டும்.

எஞ்சின் காலத்துக்கு முந்தித் தேய்வதற்கும் இறுகி நிற்பதற்கும் முக்கியமான காரணங்கள் மூன்று. அவை, பொருந்தாத ஒயிலை இடுதல், பழுதடைந்த ஒயிலை மாற்றாது விடுதல், ஒயிலினுள் புழுதியும் நீரும் சேரவிடுதல் என்பனவாம். இம்மூன்றையும் கமக்காரர் தம் கையாலேயே தடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய விபரங்கள் இங்கே தரப்படுகின்றன.

வன்னியில் இயந்திரங்களின் வரலாறு

இருசில்லு உழவு இயந்திரத்தை நம் மக்கள் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். அது 1960 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் பரவலாயிருந்த ஒரு பிரித்தானிய இயந்திரத்தின் வணிகப் பெயராகும். அவ்வியந்திரம் மறைந்து குபோட்டா முதலிய யப்பானிய இயந்திரங்களும், பின்னர் சீன இயந்திரங்களும் வந்தபோதிலும் பெயர் நிலைத்துவிட்டது. நான்கு சில்லு இயந்திரங்களில் மசி பேர்குசன் 135 என்பது 1964 ஆம் ஆண்டு முதல் 1970 களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டது. அவ்வயதுடைய எஞ்சின்கள் இன்றும் வயல்களில் வேலை செய்வதைக் காணலாம். எஞ்சினை ஒழுங்காகப் பேணினால் அது ஒரு தலைமுறையைத் தாண்டியும் உழைக்கும் என்பதற்கு அவையே சான்று.

போர்க்காலத்தில், 1990 ஆம் ஆண்டு தொடக்கம் 2002 ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறக்கப்படும் வரையில், எரிபொருள் வன்னிக்குத் தடையின்றி வரவில்லை. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் ஓட்டிய காலம் அது. கிடைத்த ஒயிலையே இட்டு, அதையும் மாற்றாது மேலும் மேலும் ஓட்டவேண்டிய நிலையும் அக்காலத்தில் இருந்தது. அது நெருக்கடிக்கு ஏற்ற உபாயமேயன்றி எஞ்சினுக்கு ஏற்ற முறையன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் ஒயிலின் விலை பெரிதும் ஏறியமையால், மலிவான ஒயிலை நாடும் எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. மலிவு எவ்விடத்தில் இலாபம், எவ்விடத்தில் நட்டம் என்பதை அறிந்து நடத்தல் வேண்டும்.

ஒயில் செய்யும் வேலை

எஞ்சின் ஒயிலின் வேலை வழுவழுப்பைத் தருவது மட்டுமே எனப் பலர் கருதுவர். உண்மையில் அது ஐந்து வேலைகளைச் செய்கின்றது.

1. ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று தேய்வைத் தடுக்கின்றது.
2. பிஸ்டன், தண்டு முதலியவற்றின் வெப்பத்தை ஏற்று வெளியே கொணர்கின்றது. காற்றால் குளிரும் சிறிய எஞ்சின்களில் இவ்வேலை மிக முக்கியமானது.
3. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் அழுக்கையும் கழுவித் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்கின்றது.
4. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து அமுக்கம் குறையாது காக்கின்றது.
5. அமிலத்தையும் துருவையும் தடுக்கின்றது. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து நீராவியுடன் சேரும்போது அமிலம் உண்டாகும். ஒயிலில் கலந்துள்ள காரப் பொருள் அவ்வமிலத்தை நடுநிலையாக்கும்.

இவற்றுள் மூன்றாவதையும் ஐந்தாவதையும் செய்வதற்காக ஒயிலிலே கலக்கப்படும் மருந்துகள் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். ஆகவே ஒயில் அளவில் குறையாதிருந்தாலும் குணத்தில் குறைந்துவிடும். குறிப்பிட்ட காலத்தில் ஒயிலை மாற்றவேண்டியதன் காரணம் இதுவே. டீசல் எஞ்சினில் புதிய ஒயில் விரைவிற் கறுப்பாவது குற்றமன்று. கரியைக் கழுவுகின்றது என்பதற்கு அது அடையாளம். நெடுநாள் சென்றும் தெளிவாகவே இருக்கும் ஒயில் அழுக்கை எஞ்சினுள்ளேயே விட்டுவைத்திருக்கலாம்.

கானில் உள்ள எண்கள்

ஒயில் கானில் எஸ்.ஏ.ஈ. என்னும் மூன்று எழுத்துகளும் அவற்றையடுத்துச் சில எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். 1905 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் பெயரைக் குறிப்பவை அவ்வெழுத்துகள். ஒயிலை அதன் தடிப்புக்கேற்ப வகுக்கும் முறையை அச்சங்கம் 1911 ஆம் ஆண்டில் வெளியிட்டது. காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு அம்முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

எண் கூடக் கூட ஒயிலின் தடிப்பு, அதாவது பாகுநிலை, கூடும். 30 என்பதிலும் 40 தடிப்பானது. 40 என்பதிலும் 50 தடிப்பானது. இத்தடிப்பு 100 பாகை வெப்பத்திலே, அதாவது நீர் கொதிக்கும் வெப்பத்திலே, அளக்கப்படும். வேலை செய்யும் எஞ்சினுள்ளே ஒயில் ஏறத்தாழ அந்நிலையிலிருக்கும் என்பதே அதற்குக் காரணம்.

15 டபிள்யூ-40 என இரண்டு எண்கள் இருப்பின் அது பலநிலை ஒயில் எனப்படும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதனுடன் சேர்ந்த எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டும். 15 டபிள்யூ என்னும் ஒயிலை, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்னும் உறைகுளிரில் வைத்துச் சோதிப்பர். வன்னியிலே மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிலும் குளிர் 20 பாகைக்கு அண்மையிலேயே நிற்கும், பூச்சியத்துக்குக் கீழன்று. ஆகையால் 10 டபிள்யூ, 15 டபிள்யூ, 20 டபிள்யூ என்பவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு நமக்குப் பெரிதன்று. நாம் முக்கியமாக நோக்கவேண்டியது பின்னால் வரும் எண்ணையே.

பலநிலை ஒயிலால் நமக்கு ஒரு நன்மை உண்டு. 15 டபிள்யூ-40 ஒயில், எஞ்சின் சூடேறியபின் 40 என்னும் ஒற்றைநிலை ஒயிலின் தடிப்பையே உடையது. ஆயினும் காலையில் எஞ்சினை இயக்கும்போது அதனிலும் விரைவாக மேற்பாகங்களைச் சென்றடையும். எஞ்சினின் தேய்வு இயக்கும் வேளையிலே கூடுதலாக நிகழ்வதால் இது நற்பயன் தரும். அங்ஙனமாயினும், 40 என்னும் ஒற்றைநிலை ஒயிலைக் கைந்நூல் அனுமதிக்கும் பழைய எஞ்சினுக்கு அதனை இடுவதால் நம் வெப்ப நாட்டில் தீங்கில்லை.

தடிப்பான ஒயில் எப்போதும் நல்லது என்னும் எண்ணம் தவறானது. அளவுக்கு மீறித் தடித்த ஒயில் ஒடுங்கிய துவாரங்களில் விரைந்து செல்லாது. எஞ்சினுக்குச் சுமையாகி எரிபொருளையும் வீணாக்கும். தேய்ந்த பழைய எஞ்சின் புகைப்பதை மறைக்க 50 என்னும் ஒயிலை இடுவோர் உளர். அதனால் புகை சிறிது குறையலாம், ஆனால் தேய்வு குறையாது. வளையமும் சிலிண்டரும் பார்க்கப்படவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதையே அப்புகை அறிவிக்கின்றது.

கானில் உள்ள எழுத்துகள்

எண் ஒயிலின் தடிப்பைக் கூறும், தரத்தைக் கூறாது. தரத்தைக் கூறுவன ஏ.பி.ஐ. என்பதன் பின்னால் வரும் எழுத்துகளாம். இது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் வகுப்பு முறை. இதனை வாசிக்கப் பழகுதல் கடினமன்று.

எஸ் என்னும் எழுத்தில் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்குரியது. சீ என்னும் எழுத்தில் தொடங்குவது டீசல் எஞ்சினுக்குரியது. இரண்டாம் எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னே வருகின்றதோ, அவ்வளவுக்கு அத்தரம் புதியது. பெற்றோல் வகையில் எஸ்.எவ்., எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. டீசல் வகையில் சீ.டி. என்பது பழைய தரம். சீ.எவ்.-4 என்பது 1990 ஆம் ஆண்டிலும், சீ.எச்.-4 என்பது 1998 ஆம் ஆண்டிலும், சீ.ஐ.-4 என்பது 2002 ஆம் ஆண்டிலும் வந்தன. இறுதியிலுள்ள 4 என்னும் எண் நான்கு அடி எஞ்சினைக் குறிக்கும்.

வயலில் உழைக்கும் டீசல் எஞ்சினுக்கு சீ.எவ்.-4, சீ.எச்.-4, சீ.ஐ.-4 என்பவற்றுள் ஒன்று போதுமானது. இவற்றிலும் புதிய சீ.ஜே.-4, சீ.கே.-4 என்னும் தரங்கள், புகைவடியுடைய புதிய வாகனங்களையும் கந்தகம் மிகக் குறைந்த டீசலையும் கருதி வகுக்கப்பட்டவை. நாம் பெரும்பாலும் நிரப்பும் சாதாரண டீசலில் சுப்பர் டீசலிலும் கூடிய கந்தகம் உண்டு. ஆகவே பழைய உழவு இயந்திரத்துக்குப் புதிய தரத்தை மிக்க விலை கொடுத்து வாங்குதல் அவசியமன்று.

பெற்றோல் ஒயிலை டீசல் எஞ்சினுக்கு இடுதல் ஆகாது. டீசல் கரியையும் அமிலத்தையும் தாங்கும் மருந்து அதில் போதாது. சில கான்களில் சீ.எவ்.-4, எஸ்.ஜி. என இரண்டு குறிகளும் இருக்கும். அத்தகைய ஒயில் இருவகை எஞ்சினுக்கும் பொருந்தும். இருவகை இயந்திரங்களையும் வைத்திருக்கும் கமக்காரருக்கு அது வசதியானது.

எந்த இயந்திரத்துக்கு எந்த ஒயில்

இயந்திரத்துடன் வரும் கைந்நூல் கூறுவதே முதல் விதி. கைந்நூல் தொலைந்துபோனவர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

(அ) இருசில்லு உழவு இயந்திரம், டீசல் எஞ்சின்: 15 டபிள்யூ-40, அல்லது 40 என்னும் ஒற்றைநிலை ஒயில். தரம் சீ.எவ்.-4 அல்லது அதற்கு மேல்.

(ஆ) நான்கு சில்லு உழவு இயந்திரம்: 15 டபிள்யூ-40. தரம் சீ.எவ்.-4 முதல் சீ.ஐ.-4 வரை. மிகத் தேய்ந்த எஞ்சினுக்கு 20 டபிள்யூ-50 இடலாம். கியர்ப்பெட்டிக்கும் நீரியல் தூக்கிக்கும் உரிய ஒயில் வேறு. எஞ்சின் ஒயிலில் மிஞ்சியதை அவற்றினுள் ஊற்றுதல் கூடாது.

(இ) நீரிறைக்கும் இயந்திரம், நான்கு அடிப் பெற்றோல் எஞ்சின்: 10 டபிள்யூ-30, அல்லது 30 என்னும் ஒற்றைநிலை ஒயில். தரம் எஸ்.ஜே. அல்லது அதற்குப் பிந்தியது. பலரிடமுள்ள ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 போன்ற சிறிய எஞ்சின் ஏறத்தாழ 0.6 லீற்றர் ஒயிலையே கொள்ளும். அதற்கு வடிகட்டியும் கிடையாது. அழுக்கெல்லாம் அச்சிறு அளவினுள்ளேயே தங்குமாதலால், காலந்தவறாது மாற்றுதல் இதற்கு மிக மிக அவசியம்.

(ஈ) மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம்: மேற்கூறிய ஒயிலே ஏற்றது. ஆனால் மண்ணெண்ணெய் முற்றாக எரியாது, ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலுடன் கலக்கும். ஒயில் நீர்த்துப்போகும். அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். ஒயில் குறையவில்லை என மகிழ்தல் தவறு. இதனைத் தடுக்க, பெற்றோலில் இயக்கி எஞ்சின் நன்கு சூடான பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன்னரும் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிடவேண்டும். ஒயிலை 50 மணிக்கு ஒருமுறை மாற்றுதல் பாதுகாப்பானது.

(உ) முதுகில் சுமக்கும் விசைத் தெளிகருவி, புல்வெட்டும் கருவி: இவற்றுட் பல இரண்டு அடி எஞ்சின்களாம். இவற்றில் ஒயில் தனியே தங்குவதில்லை. பெற்றோலுடன் கலந்தே இடப்படும். இதற்குரியது 2 ரி எனக் குறிக்கப்பட்ட ஒயில். சாதாரண எஞ்சின் ஒயிலைக் கலந்தால் கரி படிந்து புகைபோக்கித் துவாரம் அடைபடும். 25க்கு 1 எனக் கைந்நூல் கூறின் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில். 50க்கு 1 எனின் 20 மில்லிலீற்றர். கண்மதிப்பாக ஊற்றாது அளவுக் குவளையால் அளந்து, வேறொரு பாத்திரத்தில் நன்கு கலந்த பின்னரே தாங்கியில் நிரப்புக. நான்கு அடி எஞ்சினுக்கு இக்கலவையை ஒருபோதும் இடாதீர்கள்.

(ஊ) மோட்டார் சைக்கிள்: பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் கிளச்சு எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து வேலை செய்யும். காருக்குரிய சில ஒயில்களில் உராய்வை மிகக் குறைக்கும் மருந்து உண்டு. அதை இட்டால் கிளச்சு வழுக்கும். ஜசோ எம்.ஏ. என்னும் குறியுள்ள ஒயிலையே வாங்குக.

(எ) கார், வான், சிறிய லொறி: இவற்றுக்கும் மேற்கூறிய எண், எழுத்து விதிகளே பொருந்தும். புதிய கார்களின் எஞ்சின்கள் மெல்லிய ஒயிலுக்கென்றே செய்யப்பட்டவை. உழவு இயந்திரத்துக்கு வாங்கிய 15 டபிள்யூ-40 ஒயிலை அவற்றுக்கு இடாது, கைந்நூலில் உள்ளவாறே இடுக.

எப்போது மாற்றுவது

வயல் எஞ்சினுக்குக் கணக்கு மைலன்று, மணியாகும். புதிய எஞ்சினின் முதல் ஒயிலை 20 முதல் 50 மணிக்குள் மாற்றிவிடவேண்டும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் உலோகத் துகள்கள் அதில் மிதக்கும். அதன்பின் சிறிய பெற்றோல் எஞ்சினுக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும் 100 மணிக்கு ஒருமுறையும், நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கு 200 முதல் 250 மணிக்கு ஒருமுறையும் மாற்றுதல் பொது வழக்கம். நான்கு சில்லு இயந்திரத்தின் ஒயில் வடிகட்டியையும் உடன் மாற்றுக. குறைவாக ஓடும் சிறிய எஞ்சினுக்கு, மணி நிறையாவிடினும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுக.

100 மணி எத்துணை விரைவில் நிறையும் என்பதை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் தோட்டத்துக்கு இறைக்கும் இயந்திரம் 33 நாட்களில் அவ்வெல்லையை எட்டும். காலபோக உழவில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் இருசில்லு இயந்திரம் 13 நாட்களில் அதனை எட்டும். ஆகவே போகத்துக்கு ஒருமுறை மாற்றுவேன் எனல் போதாது. கூலிக்கு உழுபவர்கள் உழவுக் காலத்தின் நடுவிலேயே ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும்.

மணிகாட்டி இல்லாத இயந்திரத்துக்கு ஒரு வழி உண்டு. ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு எரிபொருள் செல்கின்றது என்பதை ஒருமுறை அளந்து குறித்துக்கொள்க. ஒரு லீற்றர் செல்லுமாயின் 100 லீற்றர் நிரப்பி முடிந்தவுடன் 100 மணி நிறைந்தது எனக் கொள்க. நிரப்பிய எரிபொருளை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவருதல் போதும்.

செலவையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒரு போகத்தில் 300 மணி ஓடும் 0.6 லீற்றர் எஞ்சினுக்கு மூன்று முறை மாற்ற 1.8 லீற்றர் ஒயில் வேண்டும். அவ்விரண்டு லீற்றர் ஒயிலின் விலையையும், சிலிண்டர், பிஸ்டன், வளையம், கூலி ஆகியவற்றின் விலையையும் உங்கள் கடைத்தெருவிலே விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எது மலிவு என்பது விளங்கும்.

மாற்றும் முறை

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்துக. சூடான ஒயில் அழுக்கையும் கொண்டு முற்றாக வடியும். கை வெந்துபோகாதவாறு எச்சரிக்கையாயிருங்கள். இயந்திரத்தைச் சம தரையில் நிறுத்தி, வடிகால் ஆணியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, ஆணியைக் கழற்றி, ஒயிலை ஒரு பாத்திரத்தில் முழுவதும் வடியவிடுக. ஆணியைத் துடைத்து வளையத்துடன் இறுக்கி, சுத்தமான புனலால் புதிய ஒயிலை அளவாக ஊற்றுக. சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடத்தின் பின் மட்டத்தைப் பார்க்க.

மட்டம் இரு கோடுகளுக்கிடையே, மேற்கோட்டுக்கு அண்மையில் நிற்கவேண்டும். மேற்கோட்டைத் தாண்டினால் ஒயில் நுரைத்துப் புகைக்கும். அடைப்புகள் வழியே கசியும். நாள்தோறும் காலையில் எஞ்சினை இயக்குமுன் மட்டத்தைப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

நீரிறைக்கும் இயந்திரத்தை வாய்க்காற் கரையின் சரிவிலே சாய்வாக வைத்து ஓட்டுதல் வன்னியிற் பலவிடங்களிற் காணப்படும் குறை. சிறிய எஞ்சின்களில் ஒயிலைத் தெளித்தே பாகங்களுக்கு ஊட்டுகின்றனர். எஞ்சின் சாய்ந்தால் ஒயில் ஒருபுறம் ஒதுங்கிவிடும். அளவான ஒயில் இருந்தும் எஞ்சின் வறண்டு இறுகும். கரையை மண்வெட்டியால் மட்டப்படுத்தி, அல்லது பலகையொன்றை இட்டு, சமமாக வைத்து ஓட்டுங்கள்.

நெடுங்காலம் தாழ்ந்த தர ஒயிலில் ஓடிய எஞ்சினுக்கு நல்ல தர ஒயிலை முதன்முறை இடும்போது, உள்ளே படிந்த பழைய அழுக்கு கழன்று வரும். அம்முதல் ஒயிலையும் வடிகட்டியையும் வழக்கத்தின் அரைவாசிக் காலத்திலேயே மாற்றிவிடுக. அதன்பின் வழக்கம்போல் மாற்றலாம்.

புழுதியும் சேறும்

வன்னி எஞ்சினுக்கு இரண்டு பகைவர்கள். ஆவணி, புரட்டாதியிற் புழுதி உழவின்போது எழும் தூசு ஒன்று. மாரியிற் சேற்றுழவின்போது புகும் நீர் மற்றொன்று. மண் தூசு எஞ்சினுள்ளே சென்றால் ஒயிலுடன் சேர்ந்து அரத்தாளைப் போல் சிலிண்டரைத் தேய்க்கும். எத்துணை விலையுயர்ந்த ஒயிலும் அதனைத் தடுக்கமாட்டாது. காற்று வடிகட்டியே அதற்குக் காவல். புழுதி உழவுக் காலத்தில் அதனை நாள்தோறும் கவனிக்க. ஒயில் நிரப்பிய காற்று வடிகட்டியாயின், அடியிற் சேறு படிந்தவுடன் கழுவிப் புதிய ஒயிலை இடுக. கடதாசி வடிகட்டியாயின் மெல்லத் தட்டித் தூசை உதிர்த்து, கிழிந்தவுடன் மாற்றுக. வடிகட்டியின்றி ஒரு நாளேனும் ஓட்டாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைப் பற்றியும் கூறல் வேண்டும். 2018 ஆம் ஆண்டு மார்கழியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட பெருவெள்ளம் போன்ற ஒன்றில் இயந்திரம் மூழ்கினால், நீர் வடிந்தவுடன் இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்குக. உள்ளே நீர் இருக்கும்போது இயக்கினால் தண்டு வளையும். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், எரிபொருள் ஆகிய யாவற்றையும் முற்றாக வடித்து, சிலிண்டரிலுள்ள நீரை வெளியேற்றி, புதிய ஒயிலிட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டு, அவ்வொயிலையும் வடித்துவிட்டு மீண்டும் புதிய ஒயிலை இடுக. அனுபவமுள்ள மெக்கானிக்கின் துணையுடன் இதனைச் செய்தல் நன்று.

ஒயில் காட்டும் அறிகுறிகள்

பால்போல் வெளுத்த ஒயில்: நீர் கலந்துள்ளது. நீரால் குளிரும் எஞ்சினில் கஸ்கட் பழுதடைந்திருக்கலாம். ஓட்டாது பரிசோதிக்க.
எரிபொருள் மணம், மட்டம் ஏறுதல்: எரிபொருள் கலந்துள்ளது. உடனே மாற்றுக.
விரலிடை மணல்போல் உறுத்தல்: தூசு புகுந்துள்ளது. காற்று வடிகட்டியையும் அதன் குழாய் இணைப்புகளையும் பார்க்க.
மினுங்கும் துகள்கள்: உலோகம் தேய்கின்றது. தாமதியாது மெக்கானிக்கிடம் காட்டுக.
நீல நிறப் புகை: ஒயில் எரிகின்றது. வளையமோ வால்வு அடைப்போ தேய்ந்துள்ளது.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

பெயர் பெற்ற வணிகக் குறிகள் பலவற்றுள் எதனை வாங்கினும், எண்ணும் எழுத்தும் பொருந்துமாயின் அது போதுமானது. கவனிக்கவேண்டியது போலியையே. அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஒயிலை முத்திரை உடையாத கானில், அறிமுகமான கடையில் வாங்கி, பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொள்க. பரலிலிருந்து போத்தலில் அளந்து விற்கும் ஒயிலின் எண்ணையும் எழுத்தையும் எவரும் அறியமுடியாது. பழைய ஒயிலை வடித்துத் தெளியவைத்து நிறமூட்டிப் புதியதென விற்பதும் உண்டு. அத்தகைய ஒயிலில் மருந்துச் சத்து எஞ்சியிராது. வெறுமையான கான்களை மூடியுடன் கொடாது துளையிட்டு எறிந்தால், போலி நிரப்புவோருக்கு அவை உதவமாட்டா.

நல்ல ஒயிலுக்கு மேலதிகமாக விசேட மருந்துகளை வாங்கி ஊற்றவேண்டியதில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் ஒயில்களை வழக்கமாகக் கலத்தல் நன்றன்று. வயலின் நடுவே ஒயில் குறைந்து வேறு வழியில்லையெனின், அதே எண்ணும் எழுத்தும் உடைய வேறு நிறுவனத்து ஒயிலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒயிலின்றி ஓட்டுவதிலும் அது மேல்.

கழிவு ஒயில்

வடித்த ஒயிலை வாய்க்காலிலோ தரையிலோ ஊற்றாதீர்கள். சிறிதளவு ஒயிலே பெருமளவு நீரைக் குடிக்க உதவாததாக்கிவிடும். வன்னியிலே குடிக்கும் நீரும் இறைக்கும் நீரும் பெரும்பாலும் ஒரே கிணற்றிலிருந்தே வருகின்றன. மண்ணில் ஊற்றிய ஒயில் மழையுடன் அக்கிணற்றையே சென்றடையும். பாவித்த ஒயில் தோலில் நெடுங்காலம் பட்டுவந்தால் புற்றுநோய் உண்டாகலாம். ஆகவே வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுக. கறையானைத் தடுக்க வேலிக் கட்டைகளுக்குக் கழிவு ஒயில் பூசும் வழக்கமுள்ளவர்கள், கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் அண்மையில் அதனைச் செய்யாது விடுவார்களாக. கழிவு ஒயிலை மூடியுள்ள கானிலே சேர்த்துவைத்து, அதனைச் சேகரிக்கும் கராச்சுகளிடம் ஒப்படைப்பதே சிறந்த வழி.

நினைவில் வைக்கவேண்டியவை

1. எண் தடிப்பைக் கூறும்; எழுத்து தரத்தைக் கூறும். இரண்டையும் பார்த்து வாங்குக.
2. டீசலுக்கு சீ, பெற்றோலுக்கு எஸ், இரண்டு அடி எஞ்சினுக்கு 2 ரி.
3. டீசல் உழவு இயந்திரத்துக்கு 15 டபிள்யூ-40. சிறிய பெற்றோல் எஞ்சினுக்கு 10 டபிள்யூ-30 அல்லது 30.
4. நாள்தோறும் மட்டம் பார்க்க. மணிக் கணக்கில் மாற்றுக.
5. காற்று வடிகட்டியைப் பேணாதவருக்கு நல்ல ஒயிலாற் பயனில்லை.
6. கழிவு ஒயில் கிணற்றை அணுகலாகாது.

இப்போகத்து உழவு தொடங்குமுன்னரே ஒவ்வொரு கமக்காரரும் தத்தம் இயந்திரத்தின் ஒயிலைச் சோதித்து, வேண்டிய ஒயிலை முன்கூட்டியே வாங்கி வைத்திருத்தல் நலம். கைந்நூல் இல்லாதவர்களும், தம் இயந்திரத்துக்குரிய ஒயிலைப் பற்றி ஐயமுடையவர்களும், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ விசாரித்து அறிந்துகொள்வார்களாக.